அம்மாவின் நகச்சுற்று: ஈரத்தில் வேலை செய்பவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சிறிய உணவகம் ஒன்றில் நாள்தோறும் பாத்திரம் துலக்கும் என் அம்மாவுக்கு, வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று வந்து இரண்டு மாதங்களாக ஆறவில்லை. நகத்தின் அடியோரம் ஒட்டியிருக்க வேண்டிய மெல்லிய தோல் முற்றிலும் போய், சதை சிவந்து தடித்து, நகத்தின் மேல் குறுக்கே வரிகள் விழுந்திருக்கின்றன. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிப் பார்த்தார், எரிச்சல்தான் கூடியது.

திடீரென வீங்கிச் சீழ் கட்டும் நகச்சுற்று பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது என்றும், 6 வாரங்களைத் தாண்டி நீடிப்பது ஈரமும் சோப்பும் தோலை ஓயாமல் அரிப்பதால் வருவது, அதில் கேண்டிடா என்னும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். களிம்பு எழுதித் தந்து, கையை உலர்வாக வைத்திருப்பதே முதல் மருந்து என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் எனக்குக் கவலை அதிகம். சீழ் கட்டினால் அன்றைக்கே காட்டச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ரப்பர் கையுறைக்குள் வியர்த்து விரல் மறுபடியும் ஊறிவிடுகிறது. உள்ளே பருத்திக் கையுறை அணிந்து இதே வேலையைத் தொடர்பவர்கள், அதை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், இழந்த தோல் மீண்டும் ஒட்ட எத்தனை நாளாயிற்று என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.