சூரியன் நகராத உலகத்தை எழுதுகிறவர்களே, உங்களை இன்னும் விடாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வைகைக்கரையான்:

டைடல் லாக் ஆன, அதாவது எப்போதும் ஒரே முகத்தைத் தன் சூரியனுக்குக் காட்டிப் பூட்டிக்கொண்ட கோளில் கதை எழுதுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் அடிப்படையெல்லாம் சொல்லாமல் நேராக வருகிறேன். என் ஊர்கள் அந்திப் பட்டையில் இருக்கின்றன, ஒரு பக்கம் முடியாத பகல், மறுபக்கம் முடியாத இருட்டு. கோயில், அரசு, மந்திரம், வழிப்பயணம் எல்லாம் யோசித்து வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தை அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் மங்கல், காது கூர்மை. பாதியில் கையை உயர்த்தி நிறுத்தி, "ஏப்பா, அங்க மாடு எப்ப வீட்டுக்குத் திரும்பும்?" என்று கேட்டார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. மேயப் போன மாட்டை யாரும் போய்க் கூப்பிட வேண்டியதில்லை, பொழுது சாய்ந்தால் அதுவே வந்து வாசலில் நின்று கன்றைப் பார்த்துக் கத்தும், பொழுதே சாயாத ஊரில் அது எதை வைத்துத் திரும்பும், கன்று பட்டினி கிடக்காதா என்று அடுக்கிக்கொண்டே போனார். மடி கனத்தால் திரும்பும் என்று இப்போதைக்கு ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி வந்த பிறகு என் மந்திரவாதியை ஒரு பக்கம்கூட எழுத மனம் வரவில்லை. உங்களுக்கும் இப்படி யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள், சொல்லுங்கள்.

நூலகத் தோழி:

எனக்குக் கேட்டது ஒரு சின்னப் பெண். நூலகத்தில் கோடை முகாம், இருட்டிய அறை, மேசை நடுவில் எரியும் பல்பு, என் கையில் தெர்மோகோல் பந்து, அதில் மலைக்கு அடையாளமாக ஒரு குண்டூசி. ஒரே முகத்தை பல்புக்குக் காட்டியபடி பந்தைச் சுற்றிக் கொண்டுவந்தேன். ஊசியின் நிழல் மெல்லிய கோடாகப் பந்தின்மேல் விழுந்திருந்தது, முழுச் சுற்று முடிந்தும் இம்மி நகரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க அவள் மட்டும் பந்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "மிஸ், இந்தக் கோட்டுல வீடு கட்டினவங்களுக்கு எப்பவுமே வெயில் வராதா?" என்றாள்.

வராது. அவர்களுக்கும் வராது, அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் வராது. அன்றிலிருந்து என் உலகத்தில் சாதி, வரி, பெண் கொடுத்து எடுப்பது எல்லாமே அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. அடுத்தவன் வெயிலை மறைத்து மாடி எழுப்பினால் அது அங்கே கொலைக்குச் சமமான குற்றம். நார்வேயில் ரியூக்கான் என்று மலைகளுக்கு நடுவே ஒரு ஊர், வருடத்தில் பாதிக்காலம் வெயிலே விழாது. 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலை இறக்கினார்கள். என் கதையில் அந்தக் கண்ணாடி ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது அவர்கள்தான்.

தொலைநோக்கி குமரன்:

இரண்டு பேரும் சூரியன் ஆணி அடித்த மாதிரி நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள், அதில்தான் எனக்குச் சண்டை. எங்கள் வானியல் குழுவில் நிலாவைப் பார்க்கும்போது மாரே கிரிசியம் என்ற கரிய வட்டத்தை ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தபடி வரைந்து வைத்திருந்தேன். பிறகு இன்னொரு இரவு பார்க்கிறேன், அதே வட்டம் ஓரத்தை ஒட்டி நசுங்கிக் கிடக்கிறது. பூட்டிய நிலாவே தலையை ஆட்டுகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கண்ணில் பார்ப்பது வேறு. அந்த ஆட்டத்தால்தான் நிலாவின் பரப்பில் 59 சதவீதம் நமக்குத் தெரிகிறது. சுற்றுப்பாதை கொஞ்சம் நீள்வட்டமாக இருந்தால் உங்கள் கோளிலும் சூரியன் முன்னும் பின்னும் ஊசலாடும், அந்திப் பட்டையில் ஒரு பகுதிக்கு உதயமும் அஸ்தமனமும் கிடைக்கும். தோழி, உங்கள் நிழல் கோட்டுக்கும் ஓரம் உண்டு, அந்த ஓரத்தில் வருடத்துக்கு ஒருமுறை வெயில் வந்து போகும். வருடம் என்றால் நம் வருடம் இல்லை, டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கிய சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றும் ஈ என்ற கோளுக்கு அது வெறும் 6.1 நாள்.

வைகைக்கரையான், மாட்டுக்குக் கடிகாரம் வேண்டுமென்றால் வானத்திலேயே தொங்குகிறது. அந்த ஈ கோளை உள்வட்டத்தில் இருக்கும் பி கோள் சுமார் 2 நாளுக்கு ஒருமுறை முந்தும், சி கோள் 4 நாளுக்கு, டி கோள் 12 நாளுக்கு. வெளியே இருக்கும் எஃப் கோள் 18 நாளுக்கு ஒருமுறை நெருங்கும்போது நம் முழுநிலா அளவுக்குத் தெரியும், அதுவும் இருட்டுப் பக்கத்து வானத்தில் முழு வட்டமாக. பஞ்சாங்கம் போட இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் காற்று. பகல் பக்கத்தில் சூடான காற்று மேலே எழும்பி இருட்டுப் பக்கம் போய் இறங்கித் தரையோடு திரும்பும். அதனால் உங்கள் ஊர்களில் தரைக்காற்று பெரும்பாலும் இருட்டிலிருந்துதான் வரும், வீட்டுக்கு வாசல் வைக்கும்போது இதை மறக்காதீர்கள். இருட்டுப் பக்கத்தில் காற்றே உறைந்து விழுந்துவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. நம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கரியமில வாயு இருந்தாலே வெப்பம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து காற்றைக் காப்பாற்றிவிடும் என்று 1997-இல் மனோஜ் ஜோஷியும் உடன் ஆய்வு செய்தவர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். செடிக்கு இலை கறுப்பாக வையுங்கள், இப்படிப்பட்ட சிவப்புக் குறுவிண்மீனின் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு, பச்சை இலைக்குக் கட்டுப்படியாகாது. விண்மீனின் ஒளிவெடிப்புகளையும் விட்டுவிடாதீர்கள்.

வடகடல்:

குமரன், கடிகாரம் வானத்தில் தொங்கினால் மட்டும் உடம்பு கேட்காது. நான் இருப்பது நார்வேயின் வடக்கே, துரும்சோ பக்கம். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை எழும்பாது, அதேபோல மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை மறையாது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஒரு ஜூன் மாதம் வந்து நின்றார். இரவு ஒரு மணிக்கு எனக்கு விழிப்பு வந்து பார்த்தால் அவர் பல்கனியில் நின்று உடுப்பு காயப்போடுகிறார். ஏனம்மா இந்த நேரத்தில் என்று கேட்டதற்கு, "வெயில் எறிக்குது, வீணாப் போகுது" என்றார். நல்ல வெயில்தான். போர்வை உறை, என் வேலைச் சட்டை, பிள்ளையின் காலுறைகள் எல்லாம் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. அவர் முகத்தில் நித்திரைக் களை தெரிந்தது, ஆனால் கை நிற்கவில்லை. முந்தின இரவும் அப்படித்தான் என்று பிறகு மகள் சொன்னாள்.

முடிவில்லாத வெளிச்சத்தில் மனிசர் ஓய்வெடுப்பதில்லை, விழும் வரைக்கும் வேலை செய்வார்கள். அதிலும் வயலோடும் வெயிலோடும் வாழ்ந்தவர்கள். ஆகவே உங்கள் அந்தி ஊர்களுக்கு முதலில் வேண்டியது படு என்று அதிகாரத்தோடு சொல்ல ஒருவர். பறை அடித்துச் சொல்லலாம், கோயில் மணியால் சொல்லலாம். மாட்டை வீட்டுக்கு அழைப்பதும் அந்தப் பறையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

செம்புலம்:

மேலே எல்லோரும் நேரம் இல்லை, நேரம் இல்லை என்கிறீர்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். என் கதையைப் பொறுமையாகக் கேட்டவர், என்னிடமிருந்த பேனாவை வாங்கிச் செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். ஒரு முனையில் நண்பகல் என்று எழுதினார், எதிர்முனையில் யாமம். நடுவில் ஒரு பக்கம் மாலை, மறுபக்கம் வைகறை. ரயில் ஆடியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிலத்தை எழுதினார்: பாலை, குறிஞ்சி, முல்லை, மருதம். மாலைக்குச் சற்று முன்னால் எற்பாடு என்று போட்டு நெய்தல். "நம்ம ஆளுங்க ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுபொழுது வச்சாங்க. உங்க கோள்ல அந்தப் பொழுதே நிலமா நிக்குது தம்பி" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. முல்லையில் தலைவி மாலைக்காகக் காத்திருப்பாள், மாடுகள் மணியோசையோடு திரும்பும், அவன் மட்டும் வந்திருக்க மாட்டான். இந்தக் கோளில் மாலை அவளிடம் வராது. அவள்தான் மாலைக்கு நடந்து போக வேண்டும். வைகைக்கரையான், உங்கள் அம்மாச்சி கேட்டது முல்லைத் திணைக் கேள்வி, மாட்டையும் அப்படியே நடக்க விடுங்கள். வெளிச்சத்துப் பக்கம் மேய்ந்துவிட்டு மாலை இருக்கும் ஊருக்குத் திரும்பட்டும்.

தொலைநோக்கி குமரன்:

அழகாக இருக்கிறது, ஆனால் நண்பகலில் பாலை வைக்க முடியாது. 2013-இல் யாங், கோவன், அபட் மூவரும் செய்த கணினி மாதிரியில், தண்ணீர் நிறைந்த பூட்டிய கோளில் சூரியனுக்கு நேர் கீழே தடித்த மேகம் திரண்டு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே விடாத மழை, உங்கள் கணக்கில் அது கார்காலம். ஆனால் வைகறையையும் மாலையையும் பிரித்து எழுதியதில் அந்த ஆசிரியர் பக்கம்தான் நான். மேல்காற்று கோள் சுழலும் திசையில் ஓடுவதால் மாலை விளிம்புக்குப் பகலின் சூடும் வைகறை விளிம்புக்கு இரவின் குளிரும் வந்து சேரும். வாஸ்ப்-39 பி என்ற வாயுக் கோளில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதை அளந்தே விட்டது, மாலை விளிம்பு சுமார் 200 டிகிரி கூடுதல் சூடு, முடிவு வந்தது 2024-இல்.

செம்புலம்:

குமரன், பாலைக்கென்று தனி நிலம் கிடையாதே. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் திரிந்தால் பாலை. உங்கள் கோளிலும் அதற்கு வழி இருக்கிறது: ஆவியாகிப் போகிற நீர் இருட்டுப் பக்கம் பனியாக விழுந்து அங்கேயே தங்கிவிடும், அந்தப் பனியாறு உருகித் திரும்பி வராவிட்டால் பகல் பக்கம் தலைமுறை தலைமுறையாக வறளும். மேகம் கலையும், நண்பகல் நிலம் பிளக்கும். அந்த வறட்சி தொடங்குகிற தலைமுறையில்தான் என் தலைவன் பொருள் தேடிப் புறப்படுகிறான், யாமத்துப் பக்கம் பனி வெட்டி வர. வடகடல் சொன்ன பறையை அவன் ஊரில் வைத்துக்கொள்கிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.