மறுமொழி: “மிகு சேர்த்தி எண்” – மாற்றுச் சொல் தேவை

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கான சொற்பட்டியலில் “மிகு சேர்த்தி எண்” என்று போட்டிருப்பதை மாற்றவேண்டும். தன்னிலும் சிறிய எந்த நேர் முழு எண்ணையும் விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட எண்ணைத்தான் இப்படிச் சொல்கிறோம்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120... இதில் 2 முதன்மை எண். 1 முதன்மையும் அல்ல, சேர்த்தியும் அல்ல. ஆகவே “சேர்த்தி” என்ற பெயர் இவற்றுக்குப் பொருந்தாது. “காரணிமிகை எண்” பொருந்துமா?

முல்லைத்தீவிலிருந்து:

சேர், “மிகை” வேண்டாம். தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னை மிஞ்சினால் அது மிகை எண். குளம் நிரம்பி வான் பாய்வது போல. அங்கே கூட்டுத்தொகை, இங்கே எண்ணிக்கை. 945ஐ எடுங்கள். மற்றக் காரணிகளைக் கூட்டினால் 975, ஆகவே மிகை எண். ஆனால் மொத்தக் காரணிகள் 16 மட்டுமே. அதிலும் சிறிய 840க்கு 32 உண்டு. மறுவளமாக, 4 நமது பட்டியலில் இருக்கிறது, 1+2=3 என்பதால் மிகை எண் அல்ல.

முன்னால் வந்த எல்லாவற்றையும் விஞ்சுவதுதான் இதன் குணம். “விஞ்செண்” என்போம். வினைத்தொகை, சொல்லவும் இலகு.

வவுனியாவிலிருந்து:

ரீச்சரின் சொல் நல்ல சொல். பெரிய எண் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். இவ்வெண்களை இராமானுஜன் 1915இல் ஆராய்ந்து தந்த நீண்ட பட்டியலில் விடுபட்டுப்போனது 293,318,625,600.

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதன் காரணிகள் எத்தனை என்று கேட்டால், பிள்ளைகள் சுட்டிகளை (2⁶இல் உள்ள 6 போன்றவற்றை) கூட்டி 18 என்று எழுதிவிடுவார்கள். ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ எடுக்காமலும் விடலாம், ஆறு தடவை வரை எடுக்கவும் செய்யலாம். ஆக 7 வழிகள். எனவே ஒவ்வொரு சுட்டியோடும் 1 கூட்டிப் பெருக்கவேண்டும்: 7×5×3×3×2×2×2×2 = 5040. அந்த 5040உம் விஞ்செண்தான், காரணிகள் 60. 60உம் விஞ்செண், காரணிகள் 12. எனக்கு அலுக்காத சங்கிலி இது.

விஞ்செண்ணை இப்படி முதன்மைகளின் ஏறுவரிசையில் எழுதினால், சுட்டிகள் இடமிருந்து வலமாக ஏறவே ஏறா. 3இன் சுட்டி 2இன் சுட்டியிலும் பெரிதென்றால், இரண்டையும் இடம்மாற்றுங்கள்: காரணிகள் அதேயளவு, எண்ணோ சிறுத்துவிடும். பிறகு எதை விஞ்சுவது? ஆனால் இதை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. 210 = 2×3×5×7, ஒழுங்கான சுட்டிகள்தான்; காரணிகள் 16. 180க்கோ 18.

30இல் வேறு சிக்கல். அதற்கு 8 காரணிகள், 24க்கும் 8. அதைச் சிறிய எண் எதுவும் விஞ்சவில்லை, அதுவும் 24ஐ விஞ்சவில்லை. இதற்குத் தனிச்சொல் வேண்டும்.

முல்லைத்தீவிலிருந்து:

அது “விஞ்சப்படா எண்”: தன்னிலும் சிறிய எந்த எண்ணையும் விடக் குறையாத காரணிகளைக் கொண்டது. 18, 20, 30 மூன்றும் அதில் அடங்கும். விஞ்செண் எல்லாம் விஞ்சப்படா எண்ணே, மறுதலை பொய். வரைவிலக்கணத்தில் “கூடுதலான”, “குறையாத” என்ற இரு சொற்களையும் தடித்த எழுத்தில் போடுங்கள் சேர், பிள்ளைகள் மாறிப்போவது அங்கேதான்.