புதுப்பிப்பு: ஓட்டல் சமையலறையில் பயிற்சிப் பணி தொடங்கிய பின்

ஓட்டல் சமையலறையில் பயிற்சியாளராகச் சேரப்போகிறேன், எதற்குத் தயாராக வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் கத்தி பிடிக்கப் பழகச் சொன்னீர்கள். இப்போது சேர்ந்துவிட்டேன். கத்தியைவிட அதிக நேரம் என் கையில் இருப்பவை வெப்பமானியும் லேபிளில் தேதி எழுதும் பேனாவும்தான்.

எனக்கு முதலில் கற்றுத்தந்த வேலை, சமைத்ததை ஆறவைப்பது. ஏறக்குறைய 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், கொதித்து இறங்கிய சூப்பை அண்டாவோடு குளிர்பெட்டிக்குள் வைக்க விடுவதில்லை. நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும் என்பதோடு, அந்தச் சூடு பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுத்துவிடும். ஆகவே ஆழம் குறைந்த தட்டுகளில் பிரித்து ஊற்றி, பனிக்கட்டி நீரில் இறக்கி, கிளறிவிட்டு, 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், பின்னர் 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் கொண்டுவந்து, ஒவ்வோர் அளவையும் பதிவேட்டில் எழுதுகிறோம். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் இதில் என்னை நம்பிய பிறகே அடுப்புப் பக்கம் அழைத்தார்கள்.

வழுக்காத காலணி வாங்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வகுப்பு நேரத்துக்கும் ஊதியம் உண்டா என்று கேட்கச் சொன்னதும் மிகவும் பயன்பட்டது. கேட்டேன், எழுத்தில் தந்தார்கள். இரவுப் பணி முறையைப் பற்றித்தான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.