ஃபரோ தீவு: மிக்கினெஸ் படகு புக் ஆகலை, அவசரம்

கருவேலங்காடு:
அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு அடுத்த மாசம் வட அட்லாண்டிக்ல இருக்கிற ஃபரோ தீவுகளுக்குப் போறோம். ஃபிளைட், வீடு, கார் எல்லாம் போட்டாச்சு. மிக்கினெஸ் தீவுக்குப் படகு மட்டும் புக் பண்ண முடியலை. தேதி எல்லாம் சாம்பல் நிறமாவே இருக்கு, அழுத்தினா ஒண்ணும் நடக்கலை. அம்மா டிவில பஃபின் பறவையைப் பாத்ததுலேர்ந்து அதே பேச்சு, அதுக்காகத்தான் இந்தப் பயணமே. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

நாடோடி:
எந்தத் தேதி? எங்கேர்ந்து கிளம்புறீங்க?

எட்டுத்திக்கும்:
குக்கீ எல்லாம் அழிச்சுட்டு வேற பிரவுசர்ல பாருங்க. எனக்கு நார்வே கப்பல் டிக்கெட் இதே மாதிரி அடம் பிடிச்சுது, இப்படிப் பண்ணினதும் சரியாயிடுச்சு.

கருவேலங்காடு:
பிரவுசர் மாத்தியும் அதேதான். ஏப்ரல் 22 முதல் 27 வரை. நான் கோபன்ஹேகன்ல வேலை பாக்குறேன், அங்கேர்ந்துதான்.

வடகடல்:
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தப் படகு மே முதல் ஆகஸ்ட் வரைதான் ஓடும். பிரவுசர் என்ன பண்ணும்?

நாடோடி:
வடகடல் சொல்ற தகவல் சரி. சொல்ற விதம்தான் வேணாம், முதல் தடவை போறவங்களுக்கு எப்படித் தெரியும்?

கருவேலங்காடு, மே மாசம் போனாலும் படகு நிச்சயம்னு நினைக்காதீங்க. படகு கிளம்புற சோர்வாகுர் ஊர்லேர்ந்து முக்கால் மணி நேரம்தான், ஆனா அலை எழும்பிட்டா ரத்து. முதல் நாளே படகுக்கு வச்சுக்கிட்டா, ரத்தானாலும் அடுத்தடுத்த நாள் முயற்சி பண்ணலாம். ஹெலிகாப்டர் இருக்கு, ஆனா நம்மளை மாதிரி வெளியூர்க்காரங்க அதுல போயிட்டு அன்னிக்கே அதுலயே திரும்ப முடியாது. அப்பா அம்மா நல்லா நடப்பாங்களா? படகு நிக்கிற இடத்துலேர்ந்து ஊருக்குள்ள ஏற செங்குத்தான படி.

கருவேலங்காடு:
அப்பாவுக்கு மூட்டுவலி. இதை யாருமே சொல்லலையே.

நாடோடி:
அப்போ காசாதாலூர்ங்கிற கிராமத்துக்குப் போங்க. கார்லேயே போய் இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா அருவி நேரா கடல்ல விழுறதைப் பாக்கலாம். மலையைக் குடைஞ்சு சுரங்கம் போடுறதுக்கு முன்னாடி தபால்காரர் அந்த மலையை நடந்தே தாண்டிப் போவாராம். சுரங்கம் ஒரே வழி, ஒதுங்குற இடத்துல நின்னு எதிர் வண்டிக்கு விடணும். இறங்கும்போது கார்க் கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் திறங்க. எனக்குக் காத்து பிடுங்கிக்கிட்டுப் போய் கீல் வளைஞ்சுது, இன்சூரன்ஸ்ல வரலை.

ஆற்றங்கரை:
ஒரு சந்தேகம். அப்பா அம்மா எந்த ஊர்லேர்ந்து வர்றாங்க, என்ன விசா?

கருவேலங்காடு:
தஞ்சாவூர். டென்மார்க் ஷெங்கன் விசா வந்தாச்சு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. ஃபரோவும் டென்மார்க்தானே, அதுல ஒண்ணும் இல்லை.

ஆற்றங்கரை:
அதுலதான் இருக்கு. ஃபரோ டென்மார்க் முடியாட்சிக்குள்ள இருக்கு, ஆனா 1948லேர்ந்து தன்னாட்சி. 1973ல டென்மார்க் ஐரோப்பியக் கூட்டமைப்புல சேர்ந்தப்போ இவங்க சேரலை, ஷெங்கன்லயும் இல்லை. டென்மார்க் கொடுத்த விசாவா இருந்தாலும் ஃபரோவுக்கும் செல்லும்னு அதுல தனியா எழுதியிருக்கணும். பாஸ்போர்ட்டை எடுத்து, எங்கெல்லாம் செல்லும்னு போட்டிருக்கிற வரியைப் பாருங்க. படகை அப்புறம் பாத்துக்கலாம்.

ஹேர்னிங் அண்ணா:
தம்பி, வீணாப் பயப்பிடாதேங்கோ. நாங்கள் போன வருசம் குடும்பமாப் போனனாங்கள். வாகார் விமான நிலையத்தில ஒருத்தரும் பாஸ்போர்ட் கேக்கேல்லை. இறங்கினவுடன காரை எடுத்துக்கொண்டு போயிட்டம்.

வடகடல்:
டென்மார்க், நார்வே மாதிரி நார்டிக் நாடுகள்லேர்ந்து போனா எல்லைச் சோதனை கிடையாது. சோதனை இல்லைங்கிறதால அனுமதி இருக்குன்னு ஆயிடாது. இதையே எத்தனை தடவை எழுதுறது?

எட்டுத்திக்கும்:
கேக்கவே மாட்டாங்கன்னா போயிட்டு வந்துடலாமே.

ஆற்றங்கரை:
உங்க அம்மாவா இருந்தா இப்படிச் சொல்வீங்களா? அங்க கீழ விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா? அடுத்த தடவை விசாவுக்குப் போடும்போது இதைத் தோண்டினா? வயசானவங்களை அந்த நிலைமையில நிறுத்தக் கூடாது. ஹேர்னிங் அண்ணா, நீங்க எந்த பாஸ்போர்ட்ல போனீங்க?

ஹேர்னிங் அண்ணா:
டெனிஷ் பாஸ்போர்ட் தான் பிள்ளை. இருபது வருசமா அதுதான் வச்சிருக்கிறம். நான் அதை யோசிக்கேல்லை. தம்பி, நான் சொன்னதை விடுங்கோ. தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கோ.

நாடோடி:
உங்க ரெசிடென்ஸ் கார்டையும் சேர்த்தே எழுத்துல கேட்டுடுங்க. ஃபரோ ஐஸ்லாந்து மாதிரி இல்லை. ஐஸ்லாந்து ஷெங்கன்ல இருக்கு.

எட்டுத்திக்கும்:
அப்போ பேசாம ஐஸ்லாந்தே போகலாம்ல? அங்கயும் பஃபின் வரும், ஏப்ரல் பாதிலேர்ந்தே.

வடகடல்:
ஐஸ்லாந்து இப்போ திருவிழாக் கூட்டம். ஃபரோவை அதோட ஒப்பிடவே முடியாது.

எட்டுத்திக்கும்:
நீங்க ஐஸ்லாந்துல கிழக்குப் பக்கம் போயிருக்கீங்களா? போகாம சொல்லாதீங்க.

(இதற்குப் பிறகு பதினொரு பதில்கள் ஐஸ்லாந்தா ஃபரோவா என்றே ஓடின.)

கருவேலங்காடு:
விசாவுல ஷெங்கன் நாடுகள்னு மட்டும்தான் இருக்கு, ஃபரோ பேர் இல்லை. தூதரகத்துக்கு எழுதிட்டேன். அங்க வீடு வாடகைக்குக் கொடுத்தவர் தேதியை மே கடைசிக்கு மாத்திக் கொடுத்துட்டார். ஃபிளைட் காசு போச்சு. ஆற்றங்கரை, ரொம்ப நன்றிங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

நாடோடி:
மே கடைசி நல்ல நேரம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

ஆற்றங்கரை:
பதில் வந்ததும் இங்க ஒரு வரி போடுங்க. எங்க மாமியாரை அழைச்சுட்டுப் போகணும், எனக்கும் தெரியணும்.

ஆற்றங்கரை:
கருவேலங்காடு, பதில் வந்துதா?