உதவி தேவை: பூக்கடைக் கணக்குக்கு ஆப் செய்கிறேன், ஃப்ரீலான்சரிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா?

மல்லிக்கணக்கு:
வணக்கம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா கமிஷன் கடை வைத்திருக்கிறார். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து 60 விவசாயிகள் எங்களுக்குப் பூ போடுகிறார்கள். மல்லிகைக்கு விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை, முகூர்த்த நாள் வந்தால் எங்கேயோ போய்விடும். ஒவ்வொருவருக்கும் எடை பார்த்து, கமிஷன் கழித்து, அவர் வாங்கிய முன்பணத்தில் கொஞ்சம் பிடித்து, மிச்சத்தை வாரக் கணக்கில் கொடுக்கிறோம். வரத்து குறைந்த மாதத்தில் எவ்வளவு பிடிப்பது, கூடும்போது எவ்வளவு பிடிப்பது என்று அப்பா மனதிலேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதி எடுத்தேன், இப்போது ஆப் ஆக்குகிறேன்.

முதலில் தெரிந்தவர் சொன்ன ஒருவரிடம் 30,000 ரூபாய் கொடுத்தேன். நான்கு மாதத்தில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார், ஆப்புக்காக எழுதிய நிரல், அதாவது சோர்ஸ் கோட், ஒரு வரி கூட கைக்கு வரவில்லை. இப்போது ஆன்லைனில் பிடித்த வெளிநாட்டு ஃப்ரீலான்சர் நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் அப்பாவின் அந்த முன்பணம் பிடிக்கும் கணக்கை முழுதாகக் கேட்கிறார். கொடுத்தால் அதையே வேறு மார்க்கெட்டுக்கு விற்றுவிட மாட்டாரா? என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) போட்டால் போதுமா? பேடன்ட் வாங்க முடியுமா? இரண்டாவது தடவையும் ஏமாந்தால் அப்பா முகத்தில் முழிக்க முடியாது.

வடபழஞ்சி கோடர்:
தம்பி, நான் 11 வருடமாக ஃப்ரீலான்ஸ் செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஐடியாவைத் திருட நினைப்பவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் அந்த ஆப்பை எடுத்துக்கொண்டு போய் நிலக்கோட்டையில் விற்க வேண்டுமென்றால் அதிகாலையில் எழுந்து ஒவ்வொரு கடையாக ஏற வேண்டும், அது உங்களால்தான் முடியும். உங்களுக்கு உண்மையில் நடந்தது ஐடியா திருட்டு இல்லை, சோர்ஸ் கோட் அந்த முதல் ஆள் கையில் மாட்டிக்கொண்டது. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கிட்ஹப் (சோர்ஸ் கோடைச் சேமித்து வைக்கும் இணையதளம்) கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், இலவசம்தான். இப்போதைய ஃப்ரீலான்சரை அதில் கூட்டாளியாகச் சேருங்கள், ஒவ்வொரு நாள் வேலையும் அன்றன்றே அங்கே ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். டொமைன், சர்வர், பிளே கன்சோல் (பிளே ஸ்டோரில் ஆப்பை ஏற்றும் கணக்கு) எல்லாம் உங்கள் இமெயிலில். பிளே கன்சோலுக்கு ஒரே தடவை 25 டாலர் கட்டணம், அதை மிச்சம் பிடிக்க அவர் கணக்கில் ஆப்பை ஏற்றிவிடாதீர்கள், நிறைய பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். பணத்தையும் மொத்தமாகக் கொடுக்காமல் வேலையைச் சின்னச் சின்ன மைல்ஸ்டோனாக, அதாவது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அவரைப் பிடித்த தளத்தின் எஸ்க்ரோவில் (நீங்கள் விடுவிக்கும்வரை தளமே பணத்தைப் பிடித்து வைப்பது) போட்டு, சோர்ஸ் கோட் வந்து உங்கள் போனில் ஓடிய பிறகு விடுவியுங்கள். தளத்துக்கு வெளியே ஜிபே, வங்கி என்று போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மேலமாசி வக்கீல்:
மதுரை ஐகோர்ட் கிளையில் பிராக்டிஸ் செய்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பேடன்டை மறந்துவிடலாம். 1970ஆம் ஆண்டு பேடன்ட் சட்டம் பிரிவு 3(கே) வியாபார முறையையும் வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமையும் விலக்கி வைத்திருக்கிறது. காப்பிரைட்டும் ஐடியாவைக் காக்காது, எழுதப்பட்ட சோர்ஸ் கோடைத்தான் காக்கும்.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். சம்பளத்துக்கு வைத்த ஆள் வேலை நேரத்தில் எழுதினால் சோர்ஸ் கோட் முதலாளிக்கு. ஃப்ரீலான்சர் ஊழியர் இல்லை, அதனால் நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நம் 1957ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டப்படி உரிமை அவருக்கே. உரிமையை மாற்ற அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், பிரிவு 19. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான் என்று எடுத்துக்கொள்வார்கள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும், வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் 19(4)ஆம் பிரிவுப்படி அந்த உரிமையும் காலாவதி. ஆகவே காப்பிரைட் காலம் முழுவதும், உலகம் முழுவதும், 19(4) பொருந்தாது என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

என்டிஏ போடுங்கள், நல்லதுதான். ஆனால் எது ரகசியம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், அதாவது முன்பணம் பிடிக்கும் கணக்கு, விவசாயிகள் பட்டியல், கமிஷன் விகிதம். 'வேலை முடிந்த பிறகும் இதுபோல ஆப் யாருக்கும் செய்யக்கூடாது' என்று எழுதினால் நிற்காது, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 தொழில் தடையைச் செல்லாது என்கிறது.

மல்லிக்கணக்கு:
ரொம்ப நன்றி. ஒரு சிக்கல், இதுவரை செய்தது அவர் கிட்ஹப் கணக்கில் இருக்கிறது. அவர் வெளிநாட்டில் இருப்பதால் ஒப்பந்தம் மீறினால் நான் எங்கே போய்க் கேட்பது?

மேலமாசி வக்கீல்:
தம்பி, கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் இந்தத் தொகைக்கு வெளிநாட்டில் வழக்கு நடத்துவது கட்டுப்படியாகாது. அதனால் பணத்தின் கடைசிப் பகுதி உங்கள் கையில் இருப்பதுதான் பலம். கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரமும் சோர்ஸ் கோடும் வந்த பிறகுதான் அந்தக் கடைசி மைல்ஸ்டோன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடபழஞ்சி கோடர்:
ரெப்போவை (கிட்ஹப்பில் உங்கள் சோர்ஸ் கோட் இருக்கும் இடம்) அவரே உங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கலாம். செட்டிங்ஸில் கடைசியில் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' இருக்கும், உங்களுக்கு மெயில் வரும், ஒரு நாளுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள். மாறிய பிறகும் அவர் கூட்டாளியாக உள்ளேயே இருப்பார், வேலை முடிந்ததும் நீக்கிவிட்டு சர்வர் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (ஆப் வேறு சேவைகளோடு இணையப் பயன்படுத்தும் ரகசியக் குறியீடு) எல்லாவற்றையும் மாற்றுங்கள். நல்ல ஆளென்றால் கேட்டவுடன் செய்வார், இழுத்தடித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பணக் கணக்கை இப்போதே கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. எடைப் பதிவு, சீட்டு, வாரப் பட்டுவாடா முதலில் முடியட்டும், முன்பணப் பகுதி கடைசியில். அதற்கும் பொய்ப் பெயர், பொய் எண் போட்ட மாதிரி டேட்டா மட்டும் போதும்.

மல்லிக்கணக்கு:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கேட்ட அன்றே ரெப்போவை மாற்றிவிட்டார், பத்திரம் வரைவை நம் ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டித் திருத்தி அனுப்பியிருக்கிறேன். இதைப் படிக்கும்போதுதான் உறைத்தது, 60 பேரின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் உள்ள ஷீட்டைப் போன வாரமே அவருக்கு அனுப்பியிருந்தேன். நம்பிப் பூ போடுகிறவர்கள், அதை யோசிக்காமல் விட்டது என் தப்பு. அவரை அழிக்கச் சொல்லி எழுத்தில் வாங்கிவிட்டேன், பெயர் மாற்றிய புது ஷீட் கொடுத்தாயிற்று. பத்திரம் கையெழுத்தாகி வரட்டும், முன்பணக் கணக்கை அப்புறம்தான் அனுப்புவேன். நேற்று அதை அப்பாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டினேன், பனிக்காலத்துக்குப் பிடிப்பை இன்னும் குறைக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் சொன்னார், அதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.