பாக் டா: ‘தடுத்துத் தாக்கு’ வேண்டாம்

அன்பின் குழுமத்தாருக்கு,

விங் சுன் குங்ஃபூ சொற்பட்டியலில் ‘பாக் டா’ என்ற இருவர் பயிற்சிக்கு ‘தடுத்துத் தாக்கு’ என்று பதிந்திருக்கிறோம். மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சி இதுதான். இருவர் கையெட்டும் தொலைவில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் வலக்கையால் நேர்க்குத்து விடுகிறார். வாங்குபவரின் இடது உள்ளங்கை அந்த முன்கையின் வெளிப்பக்கத்தைத் தட்டுகிறது. அதே கணத்தில் அவருடைய வலது முஷ்டி நடுக்கோட்டு (உடலின் நடுவே மேலிருந்து கீழாகப் போவதாகக் கொள்ளும் கோடு) வழியே போய் எதிராளியின் நெஞ்சைத் தொடுகிறது. தட்டும் ஓசையும் குத்து படும் ஓசையும் ஒன்றாகக் கேட்க வேண்டும். ‘டப், டப்’ என்று இரண்டாகக் கேட்டால் தவறு.

‘தடுத்து’ என்பது இறந்தகால வினையெச்சம். தடுத்து முடி, பிறகு தாக்கு என்கிறது. மாணவரும் அப்படியே செய்கிறார். அந்த இடைவெளி போதும், எதிராளியின் இடக்கை கிளம்பிவிடும். கான்டனீஸில் ‘பாக்’ என்றால் தட்டு, ‘டா’ என்றால் அடி. இரண்டு வினைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, முன்பின் கிடையாது. என் பரிந்துரை: தட்டுக்குத்து.

---

> என் பரிந்துரை: தட்டுக்குத்து.

சொல் நன்று. ஒற்று மட்டும் வேண்டாம். தட்டும் குத்தும் என்று உம்மைத்தொகையாகக் கொண்டால் வல்லினம் மிகாது, வெற்றிலைபாக்கு போல. வினைத்தொகையாகக் கொண்டாலும் மிகாது, ஊறுகாய் போல. எனக்கு வினைத்தொகையே உவப்பு. அதில் காலம் மறைந்திருக்கிறது: தட்டிய, தட்டுகிற, தட்டும் குத்து. நீங்கள் நீக்க நினைத்த ‘முதலில், பிறகு’ அங்கே எழவே எழாது. தலைச்சொல்லும் குத்தாகிவிடுகிறது. பயிற்சியிலும் அப்படித்தானே? குத்துக்கு வழிவிடத்தான் தட்டு. ஆகவே ‘தட்டுகுத்து’.

ஒரு கவலை. ‘தட்டு’ என்றதும் பலர் வந்த கையைப் பக்கவாட்டில் விசிறி அடிப்பார்கள். தட்டும் கை தன் எதிர்த்தோளைத் தாண்டினால் சொந்த நடுக்கோடு திறந்துவிடும். எதிராளி கையைச் சுற்றி உள்ளே வருவார். உள்ளங்கை சாய்வாக முன்னோக்கிப் போய், தொட்டதும் நின்றுவிட வேண்டும். இடமும் முக்கியம்: மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே. மணிக்கட்டைத் தட்டினால் அவர் முழங்கையை மடக்கித் தட்டிய கையின் மேலாக நழுவிவிடுவார். விளக்கக் குறிப்பில் இது கட்டாயம் வர வேண்டும்.

---

இருவருக்கும் நன்றி. ‘தட்டுகுத்து’ என்பதை ஏற்கிறேன். ‘டா’ வெறும் குத்து அல்ல, உள்ளங்கை அடியும் அதில் அடக்கம் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். சரிதான். ஆனால் ‘தட்டடி’ என்றால் உச்சரிப்பில் இரண்டு வினையும் கலந்துவிடுகின்றன. இந்தப் பயிற்சியில் முஷ்டிதான் போகிறது. நமக்குக் குத்துவரிசை ஏற்கெனவே பழகிய பெயர். குத்து இருக்கட்டும்.

குத்து கொடுப்பவரின் பிழையையும் சேர்த்துவிடுங்கள். வாங்குபவர் தட்டாவிட்டால் பட்டுவிடும்படி அவர் குத்து வர வேண்டும். ஒரு சாண் முன்னாலேயே நிறுத்தினாலோ, காதோரம் விட்டாலோ, வாங்குபவர் காற்றைத் தட்டப் பழகுவார். வேகத்தைக் குறைக்கலாம், குறியை விலக்கக் கூடாது.

இதே அச்சில் ‘லாப் டா’ = இழுகுத்து. அது சுழற்சியாகப் போகும் பயிற்சி. ஒருவர் வலக்கையால் குத்த, மற்றவர் தன் வலக்கையைப் ‘போங் சாவ்’ நிலைக்கு உயர்த்துகிறார்: முழங்கை மேலே, மணிக்கட்டு அதைவிடத் தாழ்ந்து நடுக்கோட்டில். உடனே அவருடைய இடக்கை குத்திய கையின் மணிக்கட்டைச் சுண்டி இழுக்க, உயர்த்திய வலக்கை குத்தாக மாறுகிறது. இழுபட்ட கை இப்போது போங் ஆகிறது, சுற்று கைமாறுகிறது. இங்கே கெடுவது இரண்டு. கட்டைவிரலை வளைத்து இறுகப் பிடித்தால் விடுவிக்க நேரமாகும். நான்கு விரலால் கொக்கி போட்டால் போதும். போங்கில் முழங்கை தொய்ந்தால் எதிராளியின் குத்து நம் கையையே நம் நெஞ்சில் தள்ளும்.

‘போங்’ என்பதற்குச் சிறகு என்ற பொருளும் உண்டு, ‘சாவ்’ என்றால் கை. ‘சிறகுக்கை’ என்று தற்காலிகமாகப் பதிகிறேன். இதைவிடக் குறுகிய சொல் இருந்தால் எழுதுங்கள். பயிற்சி நடக்கும்போது ஆசிரியர் ஒரே மூச்சில் கூவக்கூடியதாக இருக்க வேண்டும்.