பகுதொடர், பகாத்தொடர்: மரபுத்தொடருக்குள் ஒரு பிரிவு

வணக்கம். மரபுத்தொடரின் இரண்டு வகைகளுக்குப் பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தேன், அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> இடியம் என்பதற்கு மரபுத்தொடர் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இடியத்துக்கு வேண்டாம் ஐயா. மரபுத்தொடர் பள்ளிப் புத்தகத்திலேயே ஊறிப்போன சொல், அதைத் தொட வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் இரண்டு வகைகளுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. ‘கிக் த பக்கெட்’ (சொல்லுக்குச் சொல், வாளியை உதைப்பது) என்றால் செத்துப்போவது. அகராதி இரண்டையும் ஒரே பெட்டியில் போடுகிறது. ஆனால் முதலாவதைப் பொருள் தெரிந்தபின் பிரித்துப் பார்க்கலாம்: கொட்டுவது உளறல், பீன்ஸ் ரகசியம். அதனால் பீன்ஸ் கொட்டப்பட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக்கினாலும் பொருள் நிற்கிறது. வாளியை அப்படிச் சொன்னால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்ததாக ஆகிவிடும். 1994இல் மொழியியலாளர்கள் நன்பர்க், சாக், வாசோ மூவரும் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டை விரிவாகப் பேசியது.

தமிழுக்கும் இது பொருந்துகிறது. செயப்பாட்டு வினை நம் பேச்சில் அவ்வளவாக ஒட்டாது, அதனால் பெயரெச்சமாக்கிப் பாருங்கள். ‘கயிறு திரித்தான்’ என்பதை ‘அவன் திரித்த கயிற்றையெல்லாம் நம்பிவிட்டார்கள்’ என்று மாற்றலாம், பொய் அப்படியே இருக்கிறது. ‘மண்டையைப் போட்டான்’ என்பதை ‘அவன் போட்ட மண்டை’ என்று மாற்றினால் சிரிப்புதான் வரும், சாவு காணாமல் போய்விடும்.

> வெளிப்படைத் தொடர், மறைபொருள் தொடர் என்று வைக்கலாமே.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயர்கள் ஊகிக்க முடியுமா என்பதைச் சொல்கின்றன. பிரிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. பீன்ஸ் என்றால் ரகசியம் என்று முதல்முறை கேட்பவர் யாரும் ஊகிக்கப் போவதில்லை, ஆனாலும் அது பிரிகிறது. அப்புறம், ஒருவருக்கு மறைவாக இருப்பது இன்னொருவருக்கு வெளிப்படையாக இருக்கும். ஆளுக்கு ஆள் மாறுவதை வைத்துக் கலைச்சொல் ஆக்கினால் நாளைக்குச் சண்டைதான்.

என் முன்மொழிவு: பிரிவது பகுதொடர், பிரியாதது பகாத்தொடர். நன்னூலின் பகுபதம், பகாப்பதம் எல்லோரும் படித்ததுதான். கணக்கில் பகு எண், பகா எண் என்று அதே வேர் இன்றும் புழங்குகிறது. கணக்கிலேயே ‘தொடர்’ என்றால் எண்வரிசையின் கூட்டல் என்ற குழப்பம் வரக்கூடும், அதை மறைக்கவில்லை. முதல் இடத்தில் ‘பகா மரபுத்தொடர்’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

‘பை அண்ட் லார்ஜ்’ போன்றவை பகாத்தொடரின் உச்சம். பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது, இன்று ‘பொதுவாக’ என்று மட்டும் பொருள். இலக்கணமே பிரிக்க இடம்தராது.

> புட் அப் வித், கிவ் அப் எல்லாம் எதில் சேரும்?

அவை வேறு குடும்பம். பொறுத்துக்கொள், கைவிடு என்று நம் கூட்டுவினைகளோடு வைத்துப் பேச வேண்டியவை. தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே கலந்தால் இரண்டும் கெடும்.

எனக்கு இன்னும் இடிப்பது ‘மூக்கை நுழைத்தல்’. நுழைப்பது தலையிடுதல், சரி. மூக்கு எது? ‘அவன் நுழைத்த மூக்கு’ என்பது பாதிதான் ஒப்புகிறது. இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?